தோட்ட ஆட்களுக்குப் பயிற்சி எங்கே கொடுப்பது? கூடவே, நமக்கென்று ஒரு கூடல் நடத்த முடியுமா?

கிளுவைவேலி (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் சின்ன அளவில் லேண்ட்ஸ்கேப் வேலை எடுத்துச் செய்கிறேன். அபார்ட்மெண்ட் பராமரிப்பு, கல்லூரி வளாகங்கள், நடுநடுவே புதுப் பங்களாவுக்குத் தோட்டம் போடுவது. நிரந்தரமாக எட்டு ஆட்கள், சீசனில் இன்னும் கொஞ்சம் கூடும். பாதிப் பேர் பொள்ளாச்சிப் பக்கம், மீதிப் பேர் ஒடிசா.

சமீபத்தில் ஒரு பெரிய வளாகத்தின் டெண்டரில் "சான்றிதழ் பெற்ற தோட்டப் பணியாளர் குறைந்தது இருவர்" என்று ஒரு வரி இருந்தது. என்னிடம் இருப்பதிலேயே கைதேர்ந்தவர் எங்கள் மேஸ்திரி. அவர் கட்டிய விண்பதியன் (கிளையை மரத்திலேயே வேர்விட வைக்கிற வேலை) பொய்த்து நான் பார்த்ததில்லை. புல் வெட்டும் மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே பிளேடு மழுங்கிவிட்டது என்பார். ஆனால் அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். இவருக்கு எங்கே போய் எந்தச் சான்றிதழ் வாங்குவது?

இரண்டாவது விஷயம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஒரு செடி ஏன் காய்கிறது என்று சந்தேகம் வந்தால் நாம் யாரைக் கேட்கிறோம்? மருந்துக் கடைக்காரரை. அவர் மருந்து விற்கிறவர், வேறென்ன சொல்வார்? வேலிக்கு வைக்கிற கோனோகார்பஸ் செடிக்கு 2025-ல் தமிழ்நாடு அரசு தடை போட்ட செய்தியை எனக்குச் சொன்னவர் ஒரு அபார்ட்மெண்ட் செகரெட்டரி. குஜராத்தில் 2023-லேயே தடை வந்துவிட்டது. அந்தச் செடியை வைத்துப் பிழைக்கிற நம்மில் எத்தனை பேருக்கு அது அப்போதே தெரியும்? மாதம் ஒரு தடவையாவது உட்கார்ந்து பேச ஓர் இடம் இருந்தால் இப்படி நடக்குமா?

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பூவரசி (சென்னை, ஓ.எம்.ஆர்.)

அண்ணா, முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். நான் பி.எஸ்சி. தோட்டக்கலை, திருச்சி மகளிர் கல்லூரி. இப்போது குடியிருப்பு வளாகங்களின் பசுமைப் பராமரிப்பைப் பார்க்கிறேன்.

உங்கள் மேஸ்திரிக்குப் பொருத்தமானது ஆர்.பி.எல். எனும் வழி. ஏற்கெனவே தொழில் தெரிந்தவரைச் சோதித்துச் சான்று கொடுப்பார்கள். இந்திய வேளாண் திறன் கவுன்சில் தோட்டக்காரர் என்றே ஒரு பணிப்பிரிவு வைத்திருக்கிறது. சில நாள் அறிமுகப் பயிற்சி, அப்புறம் மதிப்பீட்டாளர் வந்து செய்முறையும் வாய்மொழியுமாகப் பார்ப்பார். எழுதத் தெரியாதது பெரிய தடையாகாது. ஆனால் உங்கள் மாவட்டத்தில் அந்த நேரத்தில் எந்த மையம் நடத்துகிறது என்று விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். டெண்டர் விட்டவர்களிடம் எந்தச் சான்றிதழ் செல்லும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதவரம், தளி, ரெட்டியார்சத்திரத்தில் நடக்கிற தோட்டக்கலை டிப்ளமோ எல்லாம் பள்ளி முடித்த பிள்ளைகள் இரண்டு வருடம் உட்கார்ந்து படிக்கிறது. உங்கள் ஆட்களுக்கு அது ஆகாது. கோவையிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மலரியல், நில எழிலூட்டும் துறை இருக்கிறது. தொலைதூரக் கல்வியில் தமிழ்வழிச் சான்றிதழ் படிப்புகளும் உண்டு. அவை ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர்களுக்குச் சரி. மற்றபடி வேளாண் அறிவியல் நிலையங்கள் நடத்தும் ஒருநாள், இரண்டுநாள் பயிற்சிகள். நாற்றங்கால், பதியன், மண்புழு உரம் என்று வரும். புல்தரை, மரக் கவாத்து (கிளைகளை முறையாக வெட்டுவது) என்று வருவது அபூர்வம்.

---

மாங்கன்று (கிருஷ்ணகிரி)

நான் நர்சரிக்காரன். சாந்தூர்ப் பக்கம். வயது அறுபதைத் தாண்டியாயிற்று, அதனால் கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் வைத்திருக்கிற பையன் ஒருவன் என்னிடம் வேலைக்கு வந்தான். மென்தண்டு ஒட்டு தெரியுமா என்றேன், தெரியும் என்றான். தாய்க் குச்சியைக் கையில் கொடுத்தேன். இலையோடு இருந்த குச்சி. அதை அப்படியே சீவ ஆரம்பித்துவிட்டான். ஒட்டுக் கட்டுவதற்கு ஏழு முதல் பத்து நாள் முன்னால் மரத்திலேயே அந்தக் குச்சியின் இலையைக் காம்பை விட்டுக் கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் நுனிமொட்டு திரண்டு நிற்கும், ஒட்டியதும் தளிர் வரும். இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறான், பரீட்சையில் எழுதியும் இருப்பான். கையில் குச்சி வந்தபோது ஞாபகம் வரவில்லை.

எங்கள் ஊர்ப் பெண்கள் ஆப்புச் சீவுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பிளேடை இரண்டு தரம் இழுப்பார்கள், இரண்டு பக்கமும் சரிவு ஒரே அளவில் நிற்கும். வேர்ச்செடியின் பிளவில் வைத்தால் பட்டையோடு பட்டை பொருந்தும். பாலிதீன் நாடாவைக் கீழிருந்து மேலே சுற்றி முடிச்சுப் போடுகிற நேரத்தில் அடுத்த செடியைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எண்ணிக்கைக்குக் கூலி, அதனால் அந்த வேகம். அவர்களுக்கு எந்த கவுன்சில் வந்து என்ன சொல்லித் தரப்போகிறது?

இன்னொன்று. கற்றுக்கொடுத்தால் அடுத்த வருடம் பக்கத்து நர்சரிக்குப் போய்விடுவார்கள். நான் பள்ளிக்கூடம் நடத்துகிறேனா, நர்சரி நடத்துகிறேனா?

---

கடற்கரைப்புன்னை (சென்னை)

ஐயா சொல்வதில் பாதி சரி. கையால் செய்கிற வேலையைக் கையால்தான் கற்க முடியும். ஆனால் நர்சரியில் தப்பு செய்தால் ஒரு மாதத்தில் ஒட்டு காய்ந்து தெரிந்துவிடும். மரத்தில் செய்கிற தப்பு தெரிய இருபது வருடம் ஆகும். அப்போது செய்தவரும் அங்கே இருக்க மாட்டார், ஒப்பந்தமும் இருக்காது.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். மறுநாளிலிருந்து தெருத்தெருவாகப் போய் விழுந்த மரங்களைப் பார்த்தேன். எல்லோரும் கிளையைத்தான் பார்த்தார்கள், அறுத்து அப்புறப்படுத்துகிற அவசரம். நான் வேரைப் பார்த்தேன். இயல்வாகையும் மயிற்கொன்றையும் தூங்குமூஞ்சியும் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. பலவற்றில் அடிவேர் கயிறு முறுக்கின மாதிரி வட்டமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. பாலிதீன் பையில் அதிக நாள் கிடந்த கன்றை, சுற்றிய வேரை வெட்டி விரிக்காமல் அப்படியே குழியில் இறக்கியிருக்கிறார்கள். சில மரங்களில் ஒரு பக்கம் வேரே இல்லை. மழைநீர் வடிகாலோ கேபிளோ தோண்டியபோது வெட்டியிருக்கிறார்கள், காற்று எதிர்ப்பக்கமிருந்து அடித்ததும் போய்விட்டது. அடிமரம் வரை சிமெண்ட் போட்டு மூடினதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை எடுக்க வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே டெல்லி வழக்கில் சொன்னது. நம் ஊரில் நடைபாதை போடுகிறவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

நாட்டு மரம் நட்டால் போதும், நிற்கும் என்று அப்போது எல்லோரும் எழுதினார்கள். அதுவும் அரைகுறைப் பேச்சு. வேர் வெட்டுப்பட்ட வேம்பும்தான் விழுந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த வாரத்தில் சென்னையில் இருந்த ஒவ்வொரு தோட்ட ஆளையும் கூட்டிப்போய் ஐந்து மரத்தின் வேரைக் காட்டியிருந்தால், கன்று நடுவதைப் பற்றி அதற்குமேல் ஒரு வகுப்பும் தேவைப்பட்டிருக்காது. கிளுவைவேலி கேட்கிற கூடல் நடந்தால் அது ஹாலில் புரொஜக்டர் போட்டு நடக்கக் கூடாது. மரத்தடியில் நடக்க வேண்டும். அதுவும் கெட்டுப்போன மரத்தடியில்.

---

மலைச்சரிவு (குன்னூர்)

எங்கள் பக்கம் கூடல் மாதிரி ஒன்று நூறு வருடத்துக்கு மேலாக இருக்கத்தான் செய்கிறது. ஊட்டியில் மலர்க் கண்காட்சி 1896-ல் தொடங்கியது. மே மாதம் வந்தால் தனியார் தோட்டங்களுக்கும் போட்டி உண்டு. போட்டி என்றால் ரகசியம் காப்பார்கள் என்று நினைப்பீர்கள். நடப்பது வேறு. எஜமானர்கள்தான் காப்பார்கள். தோட்டக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் நின்று, எந்த வாரம் பெட்டூனியா விதைத்தால் மே நடுவில் பூக்கும், உறைபனிக்கு எதைப் போட்டு மூடுவது என்று எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள். விதையும் கைமாறும்.

பரிசளிப்பு மேடையில் மட்டும் அவர்களைப் பார்க்க முடியாது. கோப்பையை வாங்குகிறவர் பங்களா உரிமையாளர்.

---

மண்வெட்டி (மதுரை)

எல்லாருக்கும் வணக்கம். நான் தோட்ட வேலை செய்கிறவன். சொந்தத் தொழில் இல்லை, ஒரு காண்ட்ராக்டரிடம் இருக்கிறேன். பேசினால் எழுதுகிற வசதி போனில் இருப்பதால் எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

இந்தக் கூடல் யாருக்கு? எங்களுக்கா, முதலாளிகளுக்கா? ஞாயிற்றுக்கிழமை வைப்பீர்கள். எங்களுக்கு வீட்டில் இருக்க அந்த ஒரு நாள்தான். வேலை நாளில் வைத்தால் அன்றைய கூலி போகும். இரண்டுக்கும் வழி சொல்லாமல் பயிற்சி பயிற்சி என்று பேசினால் எங்கள் ஆட்கள் வர மாட்டார்கள்.

மருந்து அடிக்கச் சொல்கிறார்கள். டப்பாவில் எழுத்து எறும்பு அளவு. கையுறை கேட்டால் அடுத்த மாதம் என்கிறார்கள். எந்த மருந்து எவ்வளவு விஷம் என்று டப்பாவைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? இதை யாராவது சொல்லித் தந்தால் அதுவே எனக்குப் பெரிய பயிற்சி.

---

பூவரசி (சென்னை, ஓ.எம்.ஆர்.)

மண்வெட்டி அண்ணா, எழுத்தை விடுங்கள். டப்பாவில் சாய்சதுரமாக ஒரு கட்டம் இருக்கும், அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம், கடைசி பச்சை. பச்சை என்றால் விஷமே இல்லை என்று அர்த்தமில்லை, மற்றவற்றைவிடக் குறைவு, அவ்வளவுதான். சிவப்போ மஞ்சளோ என்றால் குடியிருப்புக்குள் அடிக்க மாட்டேன் என்று சொல்ல உங்களுக்குக் காரணம் இருக்கிறது. குழந்தைகள் புல்லில் உருளுகிற இடம்.

நடைபாதைக் களைக்குக் கிளைபோசேட் அடிக்கச் சொல்கிறார்களா? உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டும்தான் அதைப் பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. இதை உங்கள் காண்ட்ராக்டரிடம் மரியாதையாகவே சொல்லுங்கள்.

கூலிக் கேள்வியில் நான் உங்கள் பக்கம்.

---

தெம்பனிஸ்காரன் (சிங்கப்பூர்)

புதுக்கோட்டைக்காரன், இங்கே லேண்ட்ஸ்கேப் கம்பெனியில் சூப்பர்வைசர். இங்கே எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், எது உதவும் என்று நீங்களே பாருங்கள்.

தேசியப் பூங்காக் கழகம் 2007-ல் நகர்ப்புறப் பசுமை, சூழலியல் மையம் என்று ஒன்றைத் தொடங்கியது. புல் வெட்டுவதிலிருந்து மர அபாய மதிப்பீடு வரை கோர்ஸ் உண்டு. மரம் ஏறுவது, செயின்சா எல்லாம் கோர்ஸ் முடிக்காமல் கையில் எடுக்க விடமாட்டார்கள். 2016-லிருந்து இந்தத் துறைக்குப் படிப்படியான சம்பள உயர்வு முறை கட்டாயம். பயிற்சி முடித்தால் அடுத்த படி, அடுத்த படிக்கு இவ்வளவு சம்பளம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். கழகத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டுமென்றால் கம்பெனி அதைக் கொடுத்தாக வேண்டும். மாங்கன்று ஐயாவின் பயத்துக்கு இதுதான் மருந்து. எல்லாக் கம்பெனியும் ஒரே படியில் சம்பளம் கொடுத்தால் ஆள் எங்கே ஓடுவான்?

ஆனால் முழுதாகவும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சம்பளப் படி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வொர்க் பெர்மிட்டில் வந்து வெயிலில் நிற்கிற எங்கள் பையன்களுக்குக் கிடையாது. கோர்ஸ் கிடைக்கும், படி கிடைக்காது.

இன்னொரு வருத்தம். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கயிற்றில் ஏறிக் கவாத்து செய்வதில் கெட்டிக்காரர், செயின்சா சான்றும் இருக்கிறது. ஊர் திரும்பினார். இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இங்கே கற்றதை அங்கே யாரிடம் போய்ச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

---

கடற்கரைப்புன்னை (சென்னை)

தெம்பனிஸ்காரரே, அவரை உடனே எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். விளையாட்டில்லை. கயிற்றுக் கட்டோடு மரம் ஏறத் தெரிந்த ஆள் கிடைக்காமல்தான் சென்னையில் கிரேனைக் கூப்பிட்டு மரத்தை மொட்டையடிக்கிறார்கள்.

---

பற்றுவரவு (திருப்பூர்)

இடையில் ஒரு கணக்கு விஷயம். நர்சரிகளுக்கும் லேண்ட்ஸ்கேப்காரர்களுக்கும் கணக்கு எழுதுகிறேன். உயிருள்ள செடிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. லேண்ட்ஸ்கேப் சேவைக்கு 18 சதவீதம். செடி, மண், கூலி எல்லாவற்றையும் சேர்த்து "தோட்டம் அமைத்தல்" என்று ஒரே தொகையாகப் பில் போட்டால் மொத்தத்துக்கும் 18 விழுகிற வாய்ப்பு அதிகம். ஒப்பந்தம் போடும்போதே ஆடிட்டரைக் கேளுங்கள், பில் போட்ட பிறகு வராதீர்கள். பத்தில் எட்டுப் பேர் பில் போட்ட பிறகுதான் வருகிறார்கள்.

---

கிளுவைவேலி (கோவை)

இதற்குத் தனி இழை திறவுங்கள் சார், எனக்கே நாலு கேள்வி இருக்கிறது 😄

மண்வெட்டி கேட்டதற்கு என் பதில்: வேலை நாளில் வைப்போம், அரை நாள், கூலி முதலாளி தரட்டும். மழை வந்தால் அரை நாள் சும்மா உட்கார்ந்துவிட்டுக் கூலி வாங்குவதில்லையா, அந்த மாதிரி நினைத்துக்கொள்வோம். நான் என் ஆட்களுக்குத் தருகிறேன். மற்றவர்கள்?

---

மாங்கன்று (கிருஷ்ணகிரி)

தருவதில் எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் நேராகவே கேட்கிறேன். பத்து முதலாளிகளின் ஆட்கள் ஓரிடத்தில் நின்றால் முதலில் என்ன பேசுவார்கள்? "உனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு." சாயங்காலத்துக்குள் நாலு பேர் இடம் மாறியிருப்பார்கள். வாடிக்கையாளரும் அப்படித்தான். ஒருவருடைய சைட்டில் கூடினால் மற்ற ஒன்பது பேரும் செகரெட்டரியிடம் விசிட்டிங் கார்டு நீட்டிவிட்டுத்தான் போவார்கள். இதெல்லாம் பார்த்துத்தான் சொல்கிறேன்.

---

பூவரசி (சென்னை, ஓ.எம்.ஆர்.)

ஐயா, ஐம்பது ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று ஓர் ஆள் போகிறார் என்றால் அந்த ஐம்பதைக் கொடுத்து வைத்துக்கொள்ளலாமே? கூலி விவரம் தெரியாமல் வைத்திருப்பதுதான் ஆளைத் தக்கவைக்கிற வழி என்றால் நாம் பேசுவது பயிற்சியைப் பற்றியே அல்ல.

இந்த இழையில் இதுவரை வராத ஒன்றையும் சொல்கிறேன். ஒட்டுக் கட்டும் பெண்களைப் பற்றி ஐயா எழுதினார், மகிழ்ச்சி. லேண்ட்ஸ்கேப் பக்கம் பெண்கள் என்றால் களை பறிக்க மட்டும்தான். ஓஸ் பிடிக்கிறவர், மெஷின் ஓட்டுகிறவர் ஆண். அவருக்குக் கூலி அதிகம். பிரஷ் கட்டரை ஒரு பெண் கையில் கொடுத்த சைட்டை நான் பார்த்ததில்லை.

ஆனால் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செடியின் அடியைப் பார்ப்பவர் அந்தப் பெண்தான். எங்கள் வளாகத்தில் பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தி வேலியிலும் காட்டாமணக்கிலும் ஏறிவிட்டது. மருந்து கலக்கியாயிற்று, அடிக்கப் போகிற நேரம். களை பறிக்கிற அக்கா ஒருவர் கிளையை ஒடித்து வந்து "இதில் பாதி ஏற்கெனவே செத்திருக்கு பாப்பா" என்றார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பூச்சிகளுக்கு நடுவே பழுப்பாக ஊதி உலர்ந்த கூடுகள், ஒவ்வொன்றிலும் வட்டமாக ஒரு துளை. ஒட்டுண்ணிக் குளவி வெளியேறிய துளை அது. இந்த மாவுப்பூச்சி 2008-ல் கோவைப் பக்கம் முதலில் வந்தது. மல்பெரி, மரவள்ளி, பப்பாளி எல்லாவற்றையும் அழித்தது. 2010-ல் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவியை வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்டார்கள், ஒரு வருடத்துக்குள் அடங்கியது. அன்றைக்கு மருந்து அடித்திருந்தால் நமக்காக வேலை செய்துகொண்டிருந்த குளவியைத்தான் முதலில் கொன்றிருப்போம்.

இப்போது அந்த அக்காவுக்கு வாரம் ஒரு நாள் களை கிடையாது. வளாகம் முழுக்கச் சுற்றிப் பூச்சி பார்ப்பதுதான் வேலை. கூலியும் மெஷின் ஓட்டுகிறவருக்குச் சமம். இதைச் செய்ய வைக்க நிர்வாகத்தோடு நான் போட்ட சண்டை தனிக் கதை.

---

மாங்கன்று (கிருஷ்ணகிரி)

சரிம்மா. கூலிப் பேச்சை விடுகிறேன். விசிட்டிங் கார்டு விஷயத்துக்கு என்ன சொல்கிறீர்கள்?

---

கடற்கரைப்புன்னை (சென்னை)

அதற்கு வழி சுலபம். யாருக்கும் ஒப்பந்தம் இல்லாத இடத்தில் கூடுவோம். அரசுப் பள்ளி, கோயில் நந்தவனம், பஞ்சாயத்துக் குளக்கரை. தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, பள்ளி மரங்களைக் கவாத்து செய்துகொடுத்துவிட்டு வருவோம். மரமும் நன்றாகும், ஆட்களும் கற்பார்கள், நீட்டுவதற்கு அங்கே செகரெட்டரி இல்லை.

முதல் கூடலுக்கு என் வோட்டு கிளை வெட்டுவதற்கு. நம் ஊரில் எல்லோரும் தப்பாகச் செய்கிற ஒரே வேலை இது. பெருங்கிளையை மேலிருந்து ஒரே அறுப்பாக அறுப்பார்கள். முக்கால்வாசி அறுத்ததும் கிளை தன் கனத்தில் முறிந்து அடிமரத்துப் பட்டையை ஒரு முழம் உரித்துக்கொண்டு விழும். அதன்மேல் தாரைப் பூசிவிட்டு வைத்தியம் பார்த்ததாக நினைப்பார்கள்.

மூன்று வெட்டு. முதல் வெட்டு அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் கீழ்ப்பக்கமிருந்து மேல்நோக்கி, மூன்றில் ஒரு பங்கு ஆழம். இரண்டாவது அதைவிடக் கொஞ்சம் வெளியே, மேலிருந்து கீழே. கிளை விழும், பட்டை உரியாது, ஏனென்றால் உரிகிற பட்டை முதல் வெட்டோடு நின்றுவிடும். மீதி நிற்கிற கட்டையை மூன்றாவதாக அறுக்க வேண்டும். எங்கே என்பதுதான் விஷயம். கிளை அடிமரத்தோடு சேருகிற இடத்தில் ஒரு வீக்கம், மோதிரம் மாதிரி சுருக்கங்களோடு இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். அந்த வீக்கத்தை விட்டுவிட்டு அதன் வெளி ஓரத்தில் அறுக்க வேண்டும். அடிமரத்தோடு வழவழவென்று அறுத்தால் பார்க்க அழகாக இருக்கும், மரம் காயத்தை மூட முடியாமல் உள்ளே அழுகும். அந்தக் கட்டையை நீளமாக விட்டாலும் அழுகும்.

தார் வேண்டாம். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கில் பிளந்து பார்த்து எழுதிவிட்டார். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுவர் எழுப்பி அடைத்துக்கொள்கிறது. மேலே பூசுகிற பூச்சு அதற்கு உதவுவதில்லை.

இதைப் படித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த வீக்கம் எங்கே இருக்கிறது என்று இப்போது தெரியும்? யாருக்கும் தெரியாது. தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதனால்தான் மரத்தடியில் என்கிறேன்.

---

தெம்பனிஸ்காரன் (சிங்கப்பூர்)

உண்மை. ஐ.எஸ்.ஏ. என்கிற சர்வதேச மரப் பராமரிப்புச் சங்கத்தின் ஆர்பரிஸ்ட் (மர நிபுணர்) தேர்வு எழுத மூன்று வருட முழுநேர அனுபவம் வேண்டும். பாஸ் ஆனாலும் முடியவில்லை, சான்றைப் புதுப்பிக்க மூன்று வருடத்துக்குள் முப்பது பயிற்சிப் புள்ளி சேர்க்க வேண்டும், இல்லையென்றால் தேர்வை மறுபடி எழுத வேண்டும். ஒரு தரம் வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு உட்கார முடியாது. அந்த ஓர் ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். நீங்கள் நடத்துகிற கூடலில் யார் எத்தனை தடவை வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். பின்னால் ஆர்.பி.எல். மதிப்பீட்டாளர் வரும்போது காட்ட ஏதாவது இருக்கும்.

---

மலைச்சரிவு (குன்னூர்)

நோட்டில் ஆளின் பெயரை எழுதுங்கள், கம்பெனி பெயரை அல்ல. ஆள் வேலை மாறினால் நோட்டும் கூடப் போக வேண்டும்.

---

மண்வெட்டி (மதுரை)

இந்த யோசனை நல்லா இருக்கு. கோவைக்கு என்னால் வர முடியாது, மதுரையில் யாராவது ஆரம்பித்தால் நான் நாலு பேரைக் கூட்டி வருகிறேன்.

ஒரு சந்தேகம். எங்கள் சைட்டில் கொரியன் புல். எஸ்.டி.பி. தண்ணீர்தான் (சுத்திகரித்த கழிவுநீர்) பாய்ச்சுகிறோம். திட்டுத்திட்டாக மஞ்சளாகிறது. யூரியா போட்டேன், கேட்கவில்லை. காண்ட்ராக்டர் புல்லையே மாற்றச் சொல்கிறார்.

---

பூவரசி (சென்னை, ஓ.எம்.ஆர்.)

மாற்றாதீர்கள், பொறுங்கள். எந்த இலை மஞ்சளாகிறது என்று உட்கார்ந்து பாருங்கள். அடியில் இருக்கிற பழைய இலை வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. யூரியாவுக்குக் கேட்கவில்லை என்பதால் அது இருக்காது. நுனியில் புதிதாக வருகிற இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச்சத்து. தண்ணீர் காரமாக இருந்தால் மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்காது. மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதலில் ஒரு சதுர மீட்டரில் மட்டும் செய்து பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம். சாயங்காலம் இலைமேல் தெளியுங்கள். ஒரு வாரத்தில் பச்சை திரும்பினால் காரணம் தெரிந்துவிட்டது. பக்கத்தில் டைல்ஸ் இருந்தால் ஓரமாகச் சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். அன்னபேதி பட்டால் துருக்கறை பிடிக்கும், கழுவினாலும் போகாது, அப்புறம் அதற்கும் உங்களைத்தான் திட்டுவார்கள். உப்புப் பூத்திருந்தால் மாதம் ஒரு தடவையாவது நல்ல தண்ணீரால் நிறையப் பாய்ச்சிக் கீழே வடியவிட வேண்டும். எஸ்.டி.பி. தண்ணீரின் சோதனை அறிக்கை வளாக அலுவலகத்தில் இருக்கும், படம் எடுத்துப் போடுங்கள்.

---

கிளுவைவேலி (கோவை)

சரி, முடிவுக்கு வருவோம். பேரூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பேசியிருக்கிறேன். வளாகத்தில் வேம்பும் புங்கனும் இருக்கின்றன, போன கவாத்தில் நாசமானவையும் சேர்த்து. பரீட்சை முடிந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு முதல் பதினொன்று. அன்றைய கூலி அவரவர் முதலாளி. ஒடிசா தம்பிகளுக்கு எங்கள் மேஸ்திரி இந்தியில் சொல்வார், அந்த அளவுக்கு அவர் பழகிவிட்டார். கைரம்பம் கொண்டு வாருங்கள். செயின்சா வேண்டாம், பள்ளி நிர்வாகம் ஒப்பவில்லை, நமக்கும் முதல் தடவைக்கு அது தேவையில்லை. முதலாளிகள் வரலாம், ஆனால் ரம்பம் ஆட்கள் கையில்தான் இருக்கும்.

இரண்டாவது கூடலுக்குத் தலைப்பு: கோனோகார்பஸை எடுத்த இடத்தில் வேலிக்கு என்ன வைப்பது. அபார்ட்மெண்ட்காரர்கள் தினமும் கேட்கிறார்கள். ஆந்திராவின் கடியம் நர்சரி லாரியில் எது வருகிறதோ அதை வைத்துவிடுகிற பழக்கத்தால்தானே இந்த வம்பே வந்தது.

---

மாங்கன்று (கிருஷ்ணகிரி)

அதற்கு எதற்குக் கூடல்? உங்கள் பெயரிலேயே பதில் இருக்கிறது. காங்கேயம் பக்கம் கொறங்காட்டுக்கெல்லாம் (மேய்ச்சல் நிலம்) முள்கிளுவைதானே வேலி. கட்டைவிரல் கனத்துக் குச்சியை வெட்டி மழைக்கு முன்னால் ஊன்றினால் போதும், தண்ணீர் கேட்காது, மாடும் நுழையாது. முள் வேண்டாம் என்கிற அபார்ட்மெண்ட்டுக்கு விராலி, மருதாணி, நொச்சி. வெட்டி வெட்டி விட்டால் அடர்ந்து நிற்கும். நிழல் விழுகிற இடத்தில் மட்டும் இவை ஏறாது, அங்கே வெட்சி வையுங்கள். கோனோகார்பஸ் மாதிரி ஆறு மாதத்தில் ஆள் உயரம் வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் கூடலுக்கு என் ஆட்கள் இரண்டு பேரை அனுப்புகிறேன், இருவரும் பெண்கள். இரண்டாவதற்கு நானே வருகிறேன், விராலிக் கன்று ஒரு நூறு கொண்டு வருகிறேன். கன்றுக்குக் காசு வேண்டாம். லாரி வாடகையை மட்டும் யார் தருவது என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

---

பற்றுவரவு (திருப்பூர்)

வாடகையில் பாதி நான் தருகிறேன். பில் வேண்டாம் 🙏